ராஜினாமாக் கடிதத்திற்கு முன் ஒரு நாட்காட்டி

டயாலிசிஸ் பிரிவின் வெளியே உள்ள இருக்கைகளில், மடியில் கணினியைத் திறந்து வைத்தபடி அமர்ந்திருப்பவர்களை இப்போது நாள்தோறும் காண்கிறோம். உள்ளே தந்தைக்கோ மனைவிக்கோ சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். வெளியே மகளோ கணவரோ அலுவலகக் கூட்டத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். செவிலியர் நோயாளியின் பெயரைச் சொல்லி அழைத்ததும், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து செல்வார். இப்படிச் சில மாதங்கள் கழிந்தபின் அவர்களிற் பலர் மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: "இந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே செய்யும்படியாக வேறு ஒன்றைத் தேடிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அது சரியாக இருக்குமா, டாக்டர்?"

வேலையை விடுங்கள் என்றோ விடாதீர்கள் என்றோ கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்முடிவு ஒவ்வொரு குடும்பத்தின் சூழலைப் பொறுத்தது. ஆயினும் களைப்பும் கவலையும் மிகுந்த ஓர் இரவில் எழுதப்படும் ராஜினாமாக் கடிதம், சில வேளைகளில் நோயாளியின் சிகிச்சையையே பாதித்துவிடுகிறது. ஆகவே, அக்கடிதத்தை எழுதுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இந்த எண்ணம் தோன்றுவது ஏன்?

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பலர் தம் வேலையைக் குறித்து மறுபடி சிந்திக்கத் தொடங்கினர். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பணிவிலகல்கள் பதிவாயின. அதே ஆண்டில் அந்தோணி க்ளாட்ஸ் என்னும் மேலாண்மைத் துறைப் பேராசிரியர் இப்போக்கிற்கு 'மாபெரும் பணிவிலகல்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இந்தியாவிலும் 2022ஆம் ஆண்டளவில் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சிலவற்றில் பணிவிலகல் விகிதம் 20 விழுக்காட்டைத் தாண்டியது. வீட்டிலிருந்து வேலை செய்ய இயலும் என்பதை நேரில் கண்டவர்கள், மீண்டும் அலுவலகத்திற்கு வருமாறு அழைக்கப்பட்டபோது தயங்கியதில் வியப்பில்லை.

இத்தயக்கத்தில் நியாயமும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 17 விழுக்காடும் அதிகம். அலுவலகத்தில் முழுநாள் உழைத்துவிட்டு, வீட்டில் நோயாளியைக் கவனித்து, இரவிலும் பலமுறை கண்விழிப்பவரின் உடலும் மனமும் எவ்வளவு தளரும் என்பதைத் தனியே கூற வேண்டியதில்லை. ஆகவே மாற்றம் வேண்டும் என்று நீங்கள் எண்ணுவது சோம்பலும் அன்று, பொறுப்பின்மையும் அன்று. எத்தகைய மாற்றம், எவ்வளவு காலத்திற்கு என்பதே ஆராய வேண்டியது.

முதலில் நோயின் கால அளவை அறியுங்கள்

பணிவிலகல் பெரும்பாலும் மீளப் பெற முடியாத முடிவு. நோயாளிக்குத் தேவைப்படும் கவனிப்போ பல நோய்களில் காலத்திற்கேற்ப மாறுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பதே பிற்பாடு வருத்தத்திற்குக் காரணமாகிறது. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

*பக்கவாதம்:* முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் பொதுவாக விரைவாக இருக்கும். இயன்முறை சிகிச்சை, உணவூட்டல், படுக்கைப்புண் தடுப்பு ஆகியவற்றிற்குத் துணை மிகுதியாக வேண்டியதும் அக்காலத்தில்தான். அதன் பிறகு பலர் தம் வேலைகளிற் சிலவற்றைத் தாமே செய்துகொள்ளத் தொடங்குகின்றனர்.

*புற்றுநோய்:* கீமோதெரபி பெரும்பாலும் 14 அல்லது 21 நாள்களுக்கு ஒருமுறை தரப்படுகிறது. மருந்து ஏறிய பிந்தைய சில நாள்களில் களைப்பும் குமட்டலும் இருக்கும். பல மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அந்நாள்களில் காய்ச்சல் வந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். எஞ்சிய நாள்களில் நோயாளி ஓரளவு இயல்பாக இருக்கக்கூடும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரத்தில் 5 நாள் என்ற கணக்கில் சில வாரங்கள் வர வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் கருவியின் கீழ் இருக்கும் நேரம் சில நிமிடங்களே.

*சிறுநீரகச் செயலிழப்பு:* டயாலிசிஸ் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் நடக்கும். இது நீண்டகாலத் தேவை. ஆனால் நாளும் நேரமும் முன்கூட்டியே தெரிந்த தேவை.

*மறதி நோய்:* இதில் நிலைமை நேர்மாறானது. தொடக்கத்தில் குறைவாக இருக்கும் கவனிப்பின் தேவை ஆண்டுகள் செல்லச் செல்ல மிகும். தொடக்கத்திலேயே வருமானத்தை இழந்துவிட்டால், துணைக்கு ஆள் அமர்த்த வேண்டிய காலத்தில் கையில் பணம் இராது.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது ஒரு நாட்காட்டியைக் கொண்டுவாருங்கள். வரும் ஆறு மாதங்களில் சிகிச்சை நாள்கள் எவை, பரிசோதனை நாள்கள் எவை, நோயாளியைத் தனியே விடக்கூடாத நாள்கள் எவை, பிறர் கவனித்துக்கொண்டால் போதும் என்ற நாள்கள் எவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்த்தால், உங்களுக்குத் தேவைப்படுவது மூன்று மாத விடுப்பா, வாரத்தில் இரண்டு அரைநாள்களா, அல்லது நிரந்தர மாற்றமா என்பது தெளிவாகும்.

வேலையோடு சேர்ந்து போகக்கூடியவை

வேலையை விட்டால் சம்பளம் நிற்கும் என்பதை அனைவரும் அறிவர். அதனுடன் சேர்ந்து நிற்கும் மற்றவற்றைப் பலர் பின்னரே அறிகின்றனர்.

*குழுக் காப்பீடு:* பல நிறுவனங்கள் ஊழியருக்கும் அவருடைய மனைவி மக்களுக்கும், சில நிறுவனங்கள் பெற்றோருக்கும், மருத்துவக் காப்பீடு அளிக்கின்றன. ஊழியர் விலகும்போது இப்பாதுகாப்பு பெரும்பாலும் கடைசிப் பணி நாளோடு முடிந்துவிடும். தாயின் சிகிச்சையைக் கவனிப்பதற்காகவே வேலையை விட்ட மகனுக்கு, அச்சிகிச்சையின் செலவை ஏற்றுவந்த காப்பீடும் அன்றே நின்றுபோகும். புதிதாகத் தனிநபர் காப்பீடு எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அது 36 மாதங்களுக்கு மிகக்கூடாது என்றாலும், சிகிச்சையில் இருப்பவருக்கு மூன்றாண்டு என்பது நீண்ட காலமே. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்திற்கு மாறுவதற்கு விதிகள் இடமளிக்கின்றன. இதற்கான நடைமுறையை விலகுவதற்கு முன்பே கேட்டறிந்து விண்ணப்பிக்க வேண்டும்.

*இ.எஸ்.ஐ.:* மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊழியர்கள் இத்திட்டத்தில் அடங்குவர். இதில் ஊழியருக்கு மட்டுமன்றி அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி உண்டு. பங்களிப்பு நின்றால் அதற்குரிய பயன்காலம் முடிந்தபின் இவ்வசதியும் நின்றுவிடும். அது எந்நாள் வரை செல்லும் என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

*பணிக்கொடை:* நிரந்தர ஊழியர் தொடர்ந்து 5 ஆண்டுகள் பணியாற்றியிருந்தால், நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு. ஐந்தாண்டு நிறைவடையச் சில மாதங்களே எஞ்சியிருக்குமானால், அதுவரை விடுப்பில் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

*அரசுப் பணி:* அரசு ஊழியர் ராஜினாமாச் செய்தால், அதுவரை ஆற்றிய பணிக்காலம் பொதுவாக ஓய்வூதியக் கணக்கில் சேராது. விருப்ப ஓய்வு என்பது வேறு; அதற்கான நிபந்தனைகளும் பயன்களும் வேறு. ஒரு சொல்லை மாற்றி எழுதியதால் பல ஆண்டுப் பயன்களை இழக்க நேரிடலாம் என்பதால், அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே கடிதம் எழுத வேண்டும்.

நோயாளியே அரசு ஊழியராக இருந்தால் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். பக்கவாதத்தாலோ விபத்தாலோ ஒருவருக்கு இயலாமை ஏற்பட்டதும், "இனி இவரால் வேலைக்குப் போக முடியாது" என்று குடும்பத்தினரே ராஜினாமா எழுதிக் கொடுப்பது உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாக நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனங்கள் பணிநீக்கம் செய்வதையும் பதவி இறக்கம் செய்வதையும் தடுக்கிறது. பழைய பணி இயலாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணி அளிக்க அச்சட்டம் வழிசெய்கிறது. இவ்வுரிமையை அறியாமல் கைவிட வேண்டாம்.

விலகாமலேயே பெறக்கூடியவை

நோயுற்றவர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள ஊழியர் என்றால், உரிய பங்களிப்பு நாள்கள் இருக்கும்போது ஆண்டில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்காலப் பயனாகப் பெறலாம். புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதியுடையவர்கள் இரண்டாண்டுகள் வரை ஊதியத்தில் 80 விழுக்காட்டைப் பெற வாய்ப்புண்டு. இது காப்பீடு பெற்றவரின் சொந்த நோய்க்கு உரியது. பிறரைக் கவனிப்பதற்காக எடுக்கும் விடுப்புக்கு இது பொருந்தாது.

வருங்கால வைப்பு நிதியிலிருந்து, தம் மருத்துவச் செலவுக்கோ குடும்பத்தினரின் மருத்துவச் செலவுக்கோ, வேலையில் இருக்கும்போதே ஒரு பகுதியை எடுக்கலாம். பணம் எடுப்பதற்காக வேலையை விட வேண்டியதில்லை.

மகப்பேற்றுக்குப் பின் பணிக்குத் திரும்பும் தாய், பணியின் தன்மை இடங்கொடுத்தால், முதலாளியுடன் உடன்பட்டு வீட்டிலிருந்து பணிபுரியலாம் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் திருத்தச் சட்டம் வழி வகுத்தது. குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் இதைக் கேட்டுப் பார்க்கலாம். நோயுற்ற பெற்றோரைக் கவனிப்பதற்கென்று தனியார் நிறுவன ஊழியர்களுக்குப் பொதுவான சட்டப்பூர்வ விடுப்பு நம் நாட்டில் இல்லை. ஆகவே அங்கே கேட்டுப் பெறுவதே வழி. பலர் கேளாமலேயே கடிதம் கொடுத்துவிடுகின்றனர்.

கேட்கும்போது வெறுமனே "வீட்டில் கஷ்டம்" என்று கூறுவதைவிட, நாட்காட்டியை முன்வைத்துக் குறிப்பாகக் கேட்பது பயன் தரும். ஒரு மாதிரி இதோ:

"என் தந்தையாருக்கு வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்கள் டயாலிசிஸ் சிகிச்சை நடைபெறுகிறது. அவ்விரு நாள்களிலும் வீட்டிலிருந்து பணிபுரியவும், காலை 7 முதல் 12 மணி வரை கூட்டங்களிலிருந்து விலக்குப் பெறவும் அனுமதி வேண்டுகிறேன். அந்நேரத்திற்குரிய பணியை மாலையில் முடித்துத் தருவேன். மூன்று மாதங்கள் இவ்வாறு செய்து பார்த்து, அதன்பின் மறுபரிசீலனை செய்யலாம். மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன்."

சிகிச்சை நாள்களைக் குறிப்பிடும் சான்றிதழ் வேண்டுமெனில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கோ, மாலையிலிருந்து காலைக்கோ மாற்ற இயலுமா என்றும் கேளுங்கள். எப்போதும் இயலும் என்று கூற முடியாவிட்டாலும், கேட்டால் வழி பிறக்கக்கூடும்.

வீட்டிலிருந்து வேலை: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வீட்டில் இருந்தால் பயண நேரம் மிச்சமாகும். அவசரத்திற்கு அருகில் இருக்கலாம்; மருந்து வேளை தவறாது; நோயாளிக்கும் ஆள் இருக்கிறார் என்ற மனத்தெம்பு உண்டாகும். இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் எட்டு மணி நேர வேலை, வீட்டில் செய்தாலும் எட்டு மணி நேர வேலைதான். படுக்கையில் உள்ளவரைத் திருப்பிப் படுக்க வைத்தல், குழாய் வழி உணவூட்டல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல் போன்றவை கூட்டம் முடியும்வரை காத்திருக்கா. இரண்டையும் ஒருவரே ஒரே நேரத்தில் செய்ய முயன்றால், பகலில் விட்டுப்போன வேலை இரவுக்குத் தள்ளப்படும், உறக்கம் குறையும், நாளடைவில் கவனிப்பவரே நோயாளியாவார். ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் வேலை நேரத்தில் மாற்று ஆள் ஒருவர் வேண்டும். உறவினர், அண்டை வீட்டார், சம்பளத்திற்கு அமர்த்தும் உதவியாளர் என எவராயினும் சரி, எந்த நேரத்தில் யார் பொறுப்பு என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று எல்லாப் பொறுப்பையும் ஒருவர் மீதே, பெரும்பாலும் மகள் அல்லது மருமகள் மீதே, சுமத்துவதைக் குடும்பத்தினர் தவிர்க்க வேண்டும்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ளது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகள், இயன்முறை சிகிச்சை, வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகள் ஆகியன இதன்வழி வீட்டிற்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் மருத்துவமனைக்கு அலையும் நாள்களிற் சிலவற்றைக் குறைக்கலாம்.

ஏமாற்று வேலைகளிடம் எச்சரிக்கை

வீட்டிலிருந்து வேலை தேடுவோரைக் குறிவைத்து மோசடிகள் நடக்கின்றன. காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் பணம், உணவகங்களுக்கு மதிப்பீடு எழுதினால் பணம் என்று வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே செய்தி வரும். முதலில் சிறு தொகை தந்து நம்பிக்கை ஊட்டுவார்கள். பிறகு பெருந்தொகை கட்டச் சொல்வார்கள். சிகிச்சைக்கென்று சேர்த்த பணத்தை இவ்வாறு இழப்பது பெருந்துயரம். வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்பவரை நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து தெரிவித்தால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு மிகும்.

விலகுவதே சரி என்று முடிவு செய்தால்

எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்னும் சிலருக்கு வேலையை விடுவதே உகந்த வழியாக அமையலாம். இறுதிக்கட்டத்தில் உள்ள தாயுடன் எஞ்சிய நாள்களைக் கழிக்க விரும்பும் மகளிடம் கணக்குப் பேச எவருக்கும் உரிமையில்லை. அப்போதும் இவற்றைச் செய்துவிட்டு விலகுங்கள்:

1. ஊதியமற்ற நீண்ட விடுப்புக் கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.
2. காப்பீடு எந்நாள் வரை செல்லும், எவ்வாறு மாறலாம் என்பதை உறுதி செய்யுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை ஏதேனும் இருந்தால் அதன் நாளையும் கருத்திற் கொள்ளுங்கள்.
3. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. வருமானம் குறையும் நிலையில் நீங்கள் தகுதி பெறுவீர்களா என்று விசாரியுங்கள்.
4. குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவையும் மருந்துச் செலவையும் தனியே கணக்கிட்டுப் பாருங்கள்.
5. அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். நாளை மீண்டும் வேலை தேடும்போது அவை வேண்டும்.

நோயாளியையும் கேளுங்கள்

இம்முடிவுகளைப் பெரும்பாலும் நோயாளியின் அறைக்கு வெளியே நின்று பேசி முடிக்கிறோம். "என்னால உன் பொழப்பு போச்சேப்பா" என்று பின்னர் அவர் மனம் நொந்து கூறும்போதுதான், அவரைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. தம்மால் பிள்ளைகளின் வாழ்வு நின்றுபோயிற்று என்ற எண்ணம் சில நோயாளிகளை மருந்தையே மறுக்கும் அளவுக்குத் துன்புறுத்துகிறது. வேறு சிலருக்கோ, பகலில் ஓர் ஆள் போதும், மாலையில் பிள்ளை வந்து அருகில் அமர்ந்து பேசினால் போதும் என்பதே விருப்பமாக இருக்கும். பேசக்கூடிய நிலையில் உள்ள நோயாளியிடம், "உங்களுக்கு எந்த நேரத்தில் நான் கூட இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அவருடைய விடையையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் அந்நாட்காட்டியுடன் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். காப்பீடு, அரசுத் திட்டங்கள், சான்றிதழ்கள் குறித்து வழிகாட்டுவது அவர்களுடைய பணிகளுள் ஒன்று. ராஜினாமாக் கடிதத்தை எழுதிவிட்டு வருவதைக் காட்டிலும், எழுதுவதற்கு முன் வாருங்கள்.